கேட்காமலே கொடுத்த நீலப் பாக்கெட்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இப்போதிருக்கும் நிலைமையில் அதைக் கேட்டால் தாங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடக்கூடும் என்பதால் கேட்கவில்லை. எத்தனையோ முறை போன் செய்தும் தாங்கள் எடுக்கவில்லை. நேரில் வந்தேன். என்னைக் கண்டதும் தாங்கள் முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டீர்கள். வழுக்கை மட்டும் தெரிந்தது. வழுக்கையோடு என்ன பேசுவது என்று திரும்பி வந்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம்.

தாங்கள் பக்கத்துக் கடைத் தையற்காரரிடம் கொடுத்தனுப்பிய டைப் அடித்த காகிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. "நான் நெடுங்காலமாகப் புகைப்பவன். என் மகளைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்வது என் வழக்கம். அன்றும் கடைக்காரர் எனக்காகவே அவளிடம் கொடுத்தார்" என்று அதில் இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தையற்காரரைக் கேட்டேன். ஒரு வக்கீலுக்குக் கோட்டு தைத்துக் கொடுத்ததிலிருந்து அவருக்கும் சட்டம் தெரியும் அல்லவா? "உங்க மச்சான் தப்பிச்சுடுவார் சார். உங்க மேல கேஸ் வரும். சின்னப் பிள்ளைய அனுப்பி வாங்கறதும் குத்தம்தான். ஜெயில் எல்லாம் இல்ல, அபராதம்தான். அப்புறம் பேரு வரும், அவ்வளவுதான்" என்றார். பெயர் எங்கே வரும் என்று கேட்டேன். "அந்தப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க" என்றார். அந்த ஆபீசில்தான் மச்சான், என் மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உட்காருகிறாள்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் தாங்கள் கல்லாவில் நின்று பார்த்தது வேறு, அவள் வாசலில் நின்று பார்த்தது வேறு. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அடுத்தவர் தவறை எடுத்துச் சொன்னதால் நாம் எல்லோரும் ஜட்ஜம்மா என்று கூப்பிட்டு வளர்த்த பெண் அவள். பதினேழு வயதில் வேறு பிள்ளைகள் பாட்டு வகுப்புக்கும் நீச்சலுக்கும் போகும்போது, இவள் புகையிலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய்த் தொண்டராகச் சேர்ந்துகொண்டாள். வேலை என்னவென்றால், பதினெட்டு ஆகாத பிள்ளைகள் கடைக்குள் போய் சிகரெட் கேட்பார்கள். கடைக்காரர் வயது கேட்டுத் திருப்பி அனுப்பினால் கடைக்கு நல்ல பெயர், எடுத்துக் கொடுத்தால் பின்னாலேயே நிற்கும் அதிகாரி உள்ளே வருவார். தெரிந்தவர்கள் கடையில் சோதனை செய்யக் கூடாது என்பது விதி. அதனால் ஊரின் மறுகோடியில்தான் அவளுக்கு வேலை. அன்று இந்தப் பக்கம் வரவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். அதிகாரி இவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தங்கள் கடை வாசலில் வண்டி நின்றதும் இவள், "சார், இது எங்க மாமா கடை. நான் உள்ள வர முடியாது" என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரியும் நியாயமான மனிதர். "சரிம்மா, நீ வெளியவே நில்லு. நான் போய் அறிவிப்புப் பலகை இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அவர் மட்டும் உள்ளே போயிருக்கிறார்.

பலகை இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்கப்பட மாட்டா என்று அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த பலகைதான். அதன் கீழே தாங்கள் சிவப்பு மையில் 'எங்கள் அப்பாவுக்கும்' என்று எழுதி வைத்திருந்தீர்கள். அதிகாரி அதை எழுத்துக்கூட்டாத குறையாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாராம். அப்பா என்பது எத்தனை வயதுக்காரர், அவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவருக்குக் குழப்பம். அந்த நேரத்தில் தாங்கள் வாசலைப் பார்த்தீர்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே வரக் கூசி நிற்கிறாள். தங்கள் இளகிய மனது தங்களுக்குத் தோன்றிய கதையைக் கட்டிக்கொண்டது. கல்லாவை விட்டு எழுந்தீர்கள். அலமாரியைத் திறந்தீர்கள். நான் வழக்கமாக வாங்கும் நீலப் பாக்கெட்டை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கூடவே நான் கேட்டே இராத பெப்பர்மின்ட் இரண்டு வைத்து, வாசல்வரை நடந்து வந்து அவள் கையில் திணித்து, "அப்பாவுக்குத்தானே? பேசாம கொண்டு போம்மா. காசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றீர்கள். அவள் வாயே திறக்கவில்லை மச்சான். கேட்டு வாங்கியவர்களைத்தான் அந்த அலுவலகம் இதுவரை பார்த்திருக்கிறது. கேட்காதவளுக்கு வீதிவரை வந்து கொடுத்த கடைக்காரரைப் பார்த்து அதிகாரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாராம். "ஐயா, நான் பலகையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் அதையே பார்த்திருந்தா நமக்கெல்லாம் நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் அலமாரிக்கு சீல் வைத்தார். தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும் அதே அலமாரியில் இருந்ததால் அவையும் உள்ளே மாட்டிக்கொண்டன என்று கேள்விப்பட்டேன். வருந்துகிறேன்.

ஜட்ஜம்மா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நீங்க சிகரெட் குடிக்கறீங்களா?" என்றாள். அறையில் எங்களோடு வசிக்கும் தங்கள் அப்பா இருந்தார், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. பேப்பர் தலைகீழாக இருந்தது. நான் பேப்பரைப் பார்த்தேன். பேப்பர் அசையவில்லை. "ஆமா" என்றேன். "எவ்ளோ நாளா?" "ரொம்ப நாளா." அவ்வளவுதான் விசாரணை. தீர்ப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது. என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் அம்மாவைப் பார்த்து "அவர் பக்கத்துல இருக்கு" என்கிறாள். காலையில் அவள் அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ளும்போது இருவரும் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். ஷூவை மெதுவாக மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறேன். நாள் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தின் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் திட்டுவதை வாங்கிக்கொள்கிறவன் நான். திட்டு எனக்குப் பழக்கம். அவள் திட்டினால் பரவாயில்லை. பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

இனி உண்மையை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும். நான் என் ஆயுளில் ஒரு சிகரெட் கூடக் குடித்தவன் இல்லை. தங்களிடம் இத்தனை வருடமாக நான் வாங்கிய நீலப் பாக்கெட் ஒவ்வொன்றும் தங்கள் அப்பாவுக்கு.

மாமா, அதாவது தங்கள் அப்பா, புகையிலையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், தாங்கள் எங்கள் தெருவில் இருக்கிற கடைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய் "எங்க அப்பா வந்து கேட்டா கொடுக்காதீங்க" என்று சொல்லி வைத்தீர்கள். பெற்றவர் மேல் தங்களுக்கிருந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாமா ஒருநாள் என் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என் மகன் என்னை இந்த வயசுல மைனர் ஆக்கிட்டான் மாப்ளே. நீங்கதான் மேஜர்" என்றார். ஒரே ஒரு முறைதான் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால் மறுத்திருப்பேன், புகார் கவுன்ட்டரில் எனக்கு அந்தப் பயிற்சி உண்டு. சத்தமில்லாமல் கேட்டால் என்னால் மறுக்க முடிவதில்லை. அன்றிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, தங்கள் கடையில் வாங்கி, தங்கள் அறிவுரையையும் கேட்டுக்கொண்டு ("குடும்பஸ்தர் மாப்பிள்ளை, நுரையீரலைப் பாருங்க"), வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் தொங்கும் மாமாவின் மழைக்கோட்டுப் பையில் போட்டுவிடுவேன். காலையில் பை காலியாக இருக்கும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடியில் துணி காயப்போடும் இடத்தில் அவ்வப்போது புகை நாற்றம் வரும். "உங்க நாத்தம் துணியெல்லாம் ஏறி நிக்குது" என்று தங்கள் தங்கை என்னைத்தான் ஏசுவாள். தாங்கள் வேறு அவளிடம், உன் வீட்டுக்காரர் என் கடையில்தான் வாங்குகிறார் என்று பொறுப்பாகச் சொல்லி வைத்திருந்தீர்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். பெரியவருக்காக ஒரு கெட்ட பெயர், போகட்டும் என்று இருந்தேன். அந்தப் பெயர் மகள் காதுவரை போகும் என்று நினைக்கவில்லை.

அத்தோடு முடிந்ததா? அதுதான் இல்லை. ஜட்ஜம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாளே தவிர என்னைத் திருத்துவதை நிறுத்தவில்லை. அவளே விண்ணப்பம் எழுதி, புகைப்பழக்கத்தை விடுவோருக்கான வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை அவள் மேல் மாடியில் கடைக்காரர்களைப் பிடிக்கப் பயிற்சி எடுக்கிறாள், நான் கீழ் மாடியில் வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வகுப்பிலேயே ஆலோசகர் அம்மா "முதல் சிகரெட்டை எப்ப, எங்க குடிச்சீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து நாற்காலி லாரி டிரைவர் சொன்னதைக் கேட்டு அப்படியே, ஊரை மட்டும் மாற்றிச் சொன்னேன். "எப்பல்லாம் கை பரபரங்குது?" என்றார். பரபரக்கவில்லை என்றேன். "மறைக்காதீங்க, இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். சரி, சாப்பிட்ட பிறகு என்றேன். நிகோடின் சூயிங்கம் கொடுத்தார்கள். பழக்கம் இல்லாத உடம்பு அல்லவா, ஒன்றை மென்றதும் தலை சுற்றி லாரி டிரைவர் மடியில் சாய்ந்துவிட்டேன். "பாருங்க, விடும்போது உடம்பு எப்படிப் போராடுதுன்னு" என்று ஆலோசகர் என்னைக் காட்டி எல்லோருக்கும் பாடம் எடுத்தார். அதற்கடுத்த வாரமே மூச்சுப் பரிசோதனைக் கருவியில் என்னை ஊதச் சொன்னார்கள். என் நுரையீரல் பச்சைக் குழந்தையின் நுரையீரல் மாதிரி இருக்கிறதாம். இவ்வளவு சீக்கிரம் தேறியவரை அவர்கள் கண்டதே இல்லையாம். அடுத்த மாதக் கூட்டத்தில் என் வெற்றிக் கதையை மேடையேறிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். லாரி டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி சார் விட்டீங்க? எனக்கும் சொல்லுங்க சார்" என்று கண் கலங்கக் கேட்கிறார். அந்த மனிதருக்கு நான் என்ன சொல்ல முடியும் மச்சான்?

ஆபீசில் கதை வேறு. நான் புகைப்பவன் என்ற செய்தி எப்படியோ அங்கேயும் போய்விட்டது. இத்தனை வருடம் என்னை மதிக்காத மேலதிகாரி தோளில் கை போட்டு, "இவ்ளோ நாள் சொல்லவே இல்லையேய்யா" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போகிறார். அங்கே நான்கு பேர் நடுவில் சும்மா நின்று இருமிவிட்டு வருகிறேன். பதவி உயர்வு பற்றிய பேச்செல்லாம் அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் நடக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது.

வீட்டு நிலைமையும் சரியில்லை. தங்கள் அலமாரிக்கு சீல் வைத்த நாளிலிருந்து மழைக்கோட்டுப் பையில் போட எதுவுமில்லை. வேறு கடையில் வாங்க எனக்குத் தைரியமும் இல்லை. மாமா தவித்துப் போவார் என்று பயந்தேன். அவரோ எதுவுமே நடக்காத மாதிரி தூங்குகிறார், சாப்பிடுகிறார், ரேடியோ கேட்கிறார். என்ன மன உறுதி! தங்கள் தங்கைக்குத்தான் என் மேல் கோபம் தணியவில்லை. ஜட்ஜம்மா என்னை விசாரித்த அன்று விறுவிறுவென்று சமையலறைக்குள் போனவள், அதன்பிறகு எதைத் தொட்டாலும் எரிந்து விழுகிறாள். இரண்டு கண்ணாடி டம்ளர்கள் போய்விட்டன. துணி உலர்த்த மாடிக்குப் போனால் போன வேகத்தில் இறங்கி வருகிறாள். போதாததற்கு என் சட்டைப் பையில் இருக்கும் சூயிங்கம் வேறு தினமும் குறைகிறது. மாமாதான் எடுக்கிறார் போலும். எடுத்துக்கொள்ளட்டும்.

ஆகவே மச்சான், யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். தங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். தங்கள் கடைக்கு உரிமம் போனால் எனக்கும் வருத்தம்தான், என் பிள்ளைக்குப் பால் டப்பா கடனுக்குக் கொடுத்த கடை அது. ஆனால் அவளைக் கடைக்கு அனுப்பினேன் என்று நான் எழுதிக் கொடுத்தால், அது அவளே சனிக்கிழமைதோறும் கடந்து போகும் பலகையில் ஒட்டப்பட்டால், என் மகள் என்னோடு இனி எந்தக் காலத்திலும் பேச மாட்டாள். வெள்ளிக்கிழமை தங்கள் கடை பற்றி அந்த அலுவலகத்தில் நடக்கும் விசாரணைக்குத் தங்கள் அப்பாவை அழைத்துப் போங்கள். பாக்கெட் யாருக்கு என்று அவரே சொல்லட்டும். அவருக்குப் பதினெட்டு முடிந்து வெகு காலம் ஆகிறது. இத்தனை வருடம் சுமந்தது போதும், எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கடிதம் தபாலில் போன கையோடு ஜட்ஜம்மாவிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

தாங்களும் அக்காவும் நீண்ட ஆயுளோடும், கடை சீல் இல்லாத அலமாரிகளோடும் சிறந்து விளங்க வேண்டுமென்று வேண்டும்,

தங்கள் என்றும் மாறாத அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: மேலே எழுதியதில் சில திருத்தங்கள் உண்டு. வேறு காகிதத்தில் முதலிலிருந்து எழுதக் கையில் தெம்பில்லாததால் இதிலேயே எழுதுகிறேன்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பசை தேடப் போனேன். திரும்பி வந்தால் மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நின்றேன். "எழுத்து நல்லா இருக்கு மாப்ளே. விஷயம்தான் தப்பு" என்றார். "நான் குடிக்கறதை விட்டு வருஷக்கணக்கா ஆச்சு" என்றார். அப்படியானால் மழைக்கோட்டுப் பை? மாமா முகவாயை மாடிப் படியை நோக்கி லேசாக உயர்த்தினார். படியில் தங்கள் தங்கை காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

தங்கள் அம்மா காலமான வருடம் தொடங்கியதாம் இவள் பழக்கம். சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் மாடியில் உட்கார்ந்திருப்பார்களாம். அவர் பாக்கெட்டிலிருந்து ஒருநாள் ஒன்றை வாங்கிக்கொண்டாளாம். மகள் கையில் சிகரெட்டைப் பார்த்த அதிர்ச்சியில் மாமா விட்டுவிட்டார். "நான் விட்டா அவளும் விட்டுடுவான்னு நெனச்சேன். நான் விட்டேன், அவளால முடியல. கடையில போய் நின்னு கேக்க அவளுக்கு வெக்கம். கெட்ட பேரு எனக்கிருந்தா இருந்துட்டுப் போகட்டும், எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே" என்றார். பூங்காவில் கூட உட்காருகிற நண்பர் வாங்கித் தருகிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தாராம். என் பையிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. நானும் தனியாகக் குடிக்கிறேன் என்றே அவள் நம்பியிருக்கிறாள். "உங்களத் திட்டும்போதெல்லாம் என்னையே திட்டிக்கற மாதிரி இருக்கும். அதான் அவ்ளோ கத்துவேன்" என்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மாமா மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

சூயிங்கம் எடுத்ததும் அவள்தான். அது அவளுக்குக் கேட்கிறதாம். இனிமேல் சனிக்கிழமை வகுப்பில் நான் கவனித்துக் கேட்டு வந்து இவளுக்குச் சொல்ல வேண்டும். தங்கள் பலகையில் சிவப்பு மையில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்தோடு வைத்திருக்கிறேன். மகளை அனுப்பி வாங்குவேன் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டேன், அது பொய் என்று அவளுக்கே தெரியும், விசாரணையில் எழுந்து நின்று சொல்லியும் விடுவாள். நான் புகைப்பவன், தாங்கள் எனக்கென்று நினைத்து அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்பது மட்டும் இருக்கிறது. இதற்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்கிறார் தையற்காரர். வெள்ளிக்கிழமை நானே வந்து அதைச் சொல்கிறேன்.

ஜட்ஜம்மா காலையில் அம்மாவிடம்தான் தலை பின்னிக்கொள்கிறாள். அவள் பேசாமல் இருக்கும் ஆள் இந்த வீட்டில் ஒருவனே போதும். அடுத்த வருடம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது, அப்போது அவள் அம்மாவே சொல்வாள். அதுவரை நான்தான் மச்சான் குடிக்கிறவன்.